நாலாம் காட்டில் ஒரு சதுர மீட்டர்

கண்ணை மூடிக்கொண்டு இடது தோளுக்கு மேலாகப் பின்பக்கம் செலின் எறிந்த இரும்புச் சட்டம், அன்று காலை எறிந்த பதினாறு தடவையும் கல்லில் பட்டு ஒலித்ததுபோல் ஒலிக்காமல், ஈரத்துணி மூட்டையின்மேல் விழுந்ததுபோல் மெத்தென்று விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக்கு ஒரு மீட்டராக நாலு கம்பிகளைப் பற்றவைத்த அந்தச் சட்டத்துக்குள் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப்புல் நின்றது. கதிர்கள் ஊதா நிறத்தில் நுனி சாய்ந்திருந்தன. தாளுக்குத் தாள் பனி உட்கார்ந்திருந்தது. சட்டத்துக்கு வெளியே நாலு திசையிலும், கிளுவை வேலி வரைக்கும், வேலிக்கு அந்தப் பக்கமும், மூன்று வருடமாக மழை காணாத தரை வெடித்துக் கிடந்தது.

"உயரம்?" என்றான் யாசர், படிவத்திலிருந்து தலை தூக்காமல்.

அவள் அளவுகோலை நட்டுப் பார்த்தாள். "நாப்பத்திரண்டு."

"நாலு புள்ளி ரெண்டா?"

"நாப்பத்திரண்டு."

அவன் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து பதினேழாம் கட்டத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதினான். எழுதி முடித்த பிறகுதான் எழுந்து வந்து புல்லைத் தொட்டான். விரல் நனைந்தது. நனைந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "பதினெட்டாவது எறி," என்றான்.

இருவரும் மூன்றாம் வருடம் கால்நடை மருத்துவம் படிக்கிறவர்கள். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவது ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. யாசர் மேய்ச்சல் நிலம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தவன், அதில் மேற்படிப்புக் கனவு உள்ளவன். செலின் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, கோழிப்பண்ணை கேட்டுக் கிடைக்காமல் மிச்சமிருந்த இடத்துக்கு வந்தவள். சடையக்காட்டூரைச் சுற்றியுள்ள கொறங்காடுகளில், அதாவது கிளுவையை உயிர்வேலியாக நட்டு, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, தலைமுறை தலைமுறையாக மாடு மட்டுமே மேயவிட்டிருக்கிற காடுகளில், எவ்வளவு புல் இருக்கிறது, அதை மாடு எப்படி மேய்கிறது என்று அளப்பது அவர்கள் வேலை. சட்டத்தை எறிந்து, விழுந்த இடத்துப் புல்லை அறுத்து, காகிதப் பையில் போட்டு, உலர்த்தி எடை போட வேண்டும். ஒரு மாட்டைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே நடந்து, நிமிடத்துக்கு எத்தனை வாய் கடிக்கிறது என்று கைக்கருவியை அமுக்கி அமுக்கி எண்ண வேண்டும். சட்டத்தை ஏன் கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டும் என்று முதல் நாளே பண்ணை மேற்பார்வையாளர் சென்னியப்பன் சொல்லியிருந்தார்: "எடத்தை நீ பாத்துப் போட்டீன்னா அது உன்ற எடம். அதுவா உழுந்தாத்தான் காட்டோட எடம்."

அந்தச் சதுரத்துப் புல்லை விதிப்படி அறுத்துப் பையில் போட்டார்கள். பண்ணைக்குப் போய்ப் பையைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி செம்மண் இருந்தது. சென்னியப்பன் மண்ணை எடை போட்டு அந்த எடையையே எழுதச் சொன்னார். மறுநாள் செலின் எறிந்த இருபது எறியில் இருபதிலும் புல் இருந்தது. யாசர் எறிந்த இருபதிலும் தரைதான் இருந்தது. மூன்றாம் நாள், அவர்கள் அளந்துகொண்டிருந்த நாலாம் காட்டின் சொந்தக்காரி அருக்காணியின் செவலைப் பசு, வேலி வாசல் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சட்டத்தின் கம்பியை முகர்ந்து, கழுத்தை உள்ளே நீட்டி மேயத் தொடங்கியது. அது கடித்த இடத்தில் கடித்த அளவுக்குப் புல் எழுந்தது. சாயங்காலம் வரை அது அங்கேயே நின்று மேய்ந்தது. பொழுது சாய்ந்ததும் சதுரத்துக்குள் தரை வந்துவிட்டது.

அருக்காணிக்கு ஐம்பது வயது இருக்கும். தேங்காய்க் களத்தில் உடைக்கிற வேலைக்குப் போகிறவள். பதினோரு மாட்டில் பத்தைச் செவ்வாய்க்கிழமைச் சந்தை லாரிக்கு ஏற்றி விற்றுவிட்டு, எட்டு மாதச் சினையாக நின்ற செவலையை மட்டும் ஏற்ற மனமில்லாமல் வைத்திருந்தாள். அன்று களத்திலிருந்து வந்து மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தவள், இரண்டு பக்கமும் பசியில் விழுந்திருந்த பள்ளம் மூடியிருந்ததைக் கண்டு, "என்னத்தைத் தின்னுது இது?" என்று கேட்டாள். சொன்னார்கள். "சரி, நாளைக்கு அந்தச் சட்டத்தைத் தண்ணித்தொட்டிப் பக்கமாப் போட்டுடு அம்மிணி, அதுக்கு நடக்கச் சிரமம்," என்றாள். மறுநாள் செலின் தொட்டியைக் குறி பார்த்துப் போட்டாள். தரை. இன்னும் நாலு தடவை போட்டாள். தரை. சலித்துப்போய்க் கண்ணை மூடி எங்கேயோ எறிந்தாள். புல்.

இப்படித்தான் அதன் நியதி ஊருக்குத் தெரிந்தது. யாரும் அதைப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. வேண்டுமென்று எறிந்தால் வராது, வேண்டாமென்று எறிந்தாலும் வராது, விழுகிற இடத்தைப் பற்றி ஒன்றுமே நினைக்காமல் எறிகிறவர்களுக்கு மட்டும் வரும். எறிந்த சட்டத்தை ஒரு விரல்கடை நகர்த்தினாலும் அன்றைக்குப் போயிற்று. அறுத்து வெளியே கொண்டுபோனால் மண்ணாகிவிடும். மாடுதான் அங்கே போய் மேய வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு சதுரம் போதும். கொல்லுப்பட்டறையில் புதிய சட்டங்கள் செய்தார்கள். இரண்டேகால் முழம் என்று அளந்து செய்ததில் வரவில்லை. பள்ளிக்கூடத்து மீட்டர் கட்டையை வாங்கிவந்து வைத்துச் செய்ததில் வந்தது. ஊரில் மிச்சமிருந்த மாடு நாற்பத்து மூன்று. வைகாசி பிறப்பதற்குள் நாற்பத்து மூன்று சட்டங்கள் தயாராகிவிட்டன.

எறிவதற்குத்தான் ஆள் இல்லை. அவரவர் காட்டில் அவரவர் எறிந்தால் வராது என்பது சொல்லாமலே விளங்கிற்று. அதனால் என் காட்டில் நீ எறி, உன் காட்டில் நான் எறிகிறேன் என்று ஆரம்பித்தார்கள். வேலித் தகராறில் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்ளாத பங்காளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மாட்டைப் பற்றி மற்றவருக்கு அக்கறையே இருக்காது என்று ஊரார் நம்பி, அவர்களை எதிரெதிர்க் காட்டில் நிறுத்தி எறியச் சொன்னார்கள். இருவருக்கும் தரைதான் வந்தது. "வெளங்காம போகட்டும்னு நெனைக்கறதும் நெனைப்புத்தானுங்களே," என்றார் சென்னியப்பன். அந்த இரண்டு பேரும் அன்றைக்குப் பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அக்கறை வந்துவிட்டதால் அவர்கள் எறிவதை நிறுத்திவிட்டார்கள்.

சின்னப் பிள்ளைகள் நன்றாக எறிந்தார்கள், ஒரு வாரம்தான். புல்லுக்குள் காடை முட்டை இருப்பதைப் பார்த்த பிறகு முட்டைக்கு ஆசைப்பட்டு எறிந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியை எறிந்தார், செல்போன் கோபுரத்தைப் பழுது பார்க்க வந்தவர் எறிந்தார், திருப்பூரிலிருந்து காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எறிந்தார்கள். எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவர்கள் எல்லோரும் மறுதடவைக்குக் கெட்டுப்போனார்கள். ஏனென்றால் அந்தச் சதுரங்களுக்குள் பார்த்தால் பார்வையை எடுக்க முடியாது. ஒன்றில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருக்கும், அது கம்பிவரை பறந்துவந்து கண்ணாடியில் முட்டியதுபோல் திரும்பும். ஒன்றில் மாட்டுக் குளம்படி பதிந்து தண்ணீர் தேங்கியிருக்கும், குனிந்து பார்த்தால் அந்தத் தண்ணீரில் கருமேகம் ஓடும், நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை வெயில். ஒன்றின் ஓரத்தில் காதை வைத்தால் தூரத்தில் இடி கேட்கும். எந்த வருடத்து இடி, யாருடைய மாட்டின் குளம்படி என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. குனிந்து காது வைத்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பியை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

ஆராய்ச்சிப் பண்ணையின் தலைவர் ஒரு நாள் ஜீப்பில் வந்து இறங்கினார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் காடுகளில் புல் வருவதற்கு வழி தேடிக்கொண்டிருப்பவர். சட்டத்தை வாங்கி ஒரே ஒரு தடவை எறிந்தார். கல்லில் பட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்கு வராதுப்பா," என்று சொல்லிவிட்டு, வந்ததை வந்தபடி எழுதும்படி மாணவர்களுக்குச் சொல்லிப் போனார்.

கடைசியில் ஊர் கண்டுபிடித்த வழி பஸ்தான். காலை ஒன்பது நாற்பதுக்கு வருகிற டவுன் பஸ், காடுகளை ஒட்டிய வளைவில் நிற்கும். புது ஆட்கள் யாராவது இருந்தால் இறங்கி ஆளுக்கு ஒரு எறி எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொள்வார்கள். எதற்கென்று கேட்டால், "சும்மாதானுங்க, எங்கூரு வழக்கம்," என்று சொல்வார்கள். கண்டக்டர் நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே நிற்பார். "ரெண்டு நிமிசம். அதுக்கு மேல போச்சுன்னா டைம்கீப்பரு என்ற தோலை உரிச்சுப்போடுவான்." அவருக்கும் முதலில் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்த்ததோடு சரி.

இத்தனை நாளும் ஒரு நாள்கூடத் தவறாமல் புல் வர எறிந்தவள் செலின் ஒருத்திதான். முப்பத்தொரு நாள். திரும்பிப் பார்ப்பது அவள் வேலை, அளப்பது அவள் வேலை, இருந்தும் அவளுக்கு வந்துகொண்டேயிருந்தது. அவளுக்குப் புல்லும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான். படிவத்தில் இரண்டுக்கும் ஒரே அளவு கட்டம். ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு எறிவாள். "உனக்கு இங்க எதுவுமே புடிக்கலையா?" என்று யாசர் பொறாமையோடு கேட்டான். "மீன் இல்ல," என்றாள். அருக்காணிக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. காலையில் களத்துக்குப் போகும்போது படலை அவிழ்த்துவிட்டு, "நீ இருக்கற வரைக்கும் எனக்குப் பஸ்சு வேண்டாம் அம்மிணி," என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஆனால் எறிந்த பிறகு நாலு மணி நேரம் செலின் செவலையின் பக்கத்திலேயே நின்று அதன் வாயை எண்ண வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு நாற்பத்தாறு வாய், வெயில் ஏறினால் முப்பத்தெட்டு. நாக்கைச் சுழற்றி ஒரு பிடியைச் சேர்த்து, தலையை லேசாக இடப்பக்கம் வெட்டி இழுக்கும் என்பதை முதல் வாரத்தில் கண்டாள். பத்து வாய்க்கு ஒரு தடவை மூச்சை உஸ்ஸென்று விட்டு மண்ணை ஊதும் என்பதை இரண்டாம் வாரத்தில் கண்டாள். வயிற்றுக்குள் கன்று புரண்டால் மேய்வதை நிறுத்தி, வாயில் பாதிப் புல்லோடு எதையோ கேட்டதுபோல் காதைப் பின்னால் திருப்பிக்கொண்டு நிற்கும், புரண்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மெல்லும். அந்த நேரங்களில் செலினும் கருவியில் கட்டைவிரலை வைத்தபடி மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றாள், நிற்கிறாள் என்பது அவளுக்கே தெரியாமல்.

முப்பத்திரண்டாம் நாள் காலை, சட்டத்தை எடுத்துத் திரும்பி நின்று கண்ணை மூடியபோது, செவலை பெரிய வயிற்றைச் சுமந்துகொண்டு காலை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் பின்னால் கேட்டது. வெள்வேல நிழலில் விழுந்தால் இதற்கு நடக்கிற பாடு இல்லை என்று ஒரு நினைப்பு, நினைப்பென்றுகூடச் சொல்ல முடியாது, தூக்கத்தில் கை தானாகப் போர்வையை இழுப்பதுபோல் ஒன்று, அவளுக்குள் வந்துபோனது. எறிந்தாள். சட்டம் நிழலில்தான் விழுந்தது. கல்லில் பட்டுக் கணீரென்றது.

இன்னொரு தடவை எறிந்தாள். பத்துத் தடவை எறிந்தாள். யாசர் அன்றைக்கு மூன்றாம் காட்டில் இருந்தான். பஸ் போய்விட்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தனக்கும் ஆசை வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதில் என்ன வெட்கம் என்று அவளால் சொல்ல முடியவில்லை, ஆனால் வெட்கமாக இருந்தது. அடுத்த எறியில் வந்துவிடும், அடுத்த எறியில் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று மத்தியானம் வரை எறிந்தாள், ஒன்றும் நினைக்கக் கூடாது என்பதையே நினைத்துக்கொண்டு எறிந்தாள். மாடு ஒவ்வொரு எறிக்கும் நடந்துவந்து கம்பியை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது. சோளத்தட்டு கொண்டுவந்து போட்டாள். அந்தப் புல்லைத் தின்று பழகிய மாடுகள் எதுவும் வேறு எதையும் தொடுவதில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டாள். படிவத்தில் ஒளிக்காமல் பூஜ்யம் என்று எழுதினாள். படிவத்தை அருக்காணி பார்ப்பதில்லை. இருட்டும் நேரத்தில் களத்திலிருந்து வருகிறவளின் "மேஞ்சுதா அம்மிணி?" என்ற கேள்விக்கு ஆமென்று தலையை ஆட்டினாள். இரண்டாம் நாளும் ஆட்டினாள். மூன்றாம் நாளும்.

நாலாம் நாள் காலை செவலை எழவில்லை.

நாலாம் காட்டின் நடுவில், வெயில் விழுகிற இடத்தில், முன்கால்களை மடித்து, தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. கால்நடை மருத்துவர் வந்து குளுக்கோஸ் பாட்டில் இரண்டு ஏற்றினார். இன்னும் ஒரு நாளில் கன்று போட வேண்டிய மாடு, வயிற்றில் பச்சை இல்லாமல் எழுந்திருக்காது, எழுந்திருக்காவிட்டால் இரண்டும் போய்விடும் என்றார். எட்டு ஆண்கள் சாக்கைக் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள். மாடு அடிவயிற்றிலிருந்து கத்தியது, பின்புறத்தில் ரத்தம் கண்டது. மருத்துவர் கையை உயர்த்தினார். மெதுவாக இறக்கிவிட்டார்கள்.

அருக்காணி எல்லோரையும் விட்டுவிட்டுச் செலினைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"மூணு நாளா, அக்கா."

"மூணு நாளா என்ற மாடு பட்டினி. நீ தலைய ஆட்டீட்டு நின்னுருக்கற."

செலின் மாட்டின் வாயைப் பார்த்தாள்.

"ஆசப்பட்டுட்டியா?"

செலின் தலையைக் குனிந்தாள்.

"வாயத் தொறந்து சொல்லு. ஆசப்பட்டுட்டியா, இல்லையா?"

"ஆமாக்கா."

"அதைச் சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? இந்த ஊருல ஆசப்படாதவங்க ஆரு இருக்கறாங்க? நான் ஆசப்பட்டவதான். அதுக்குத்தான நான் அந்தக் கம்பியக் கையில தொடறதில்ல. காத்தால சொல்லியிருந்தீன்னா பஸ்சுல ஆரையாச்சும் கூப்புட்டிருப்பேன். நெம்பப் படிச்சவ நீ." சொல்லிக்கொண்டே முந்தானையை நனைத்து மாட்டின் மூக்கைத் துடைத்தாள். "போ. அழுதுட்டு நிக்காத. மணி என்னாகுது பாரு."

மணி ஒன்பதரை. மாடு நடக்க முடியாது, புல்லைக் கொண்டுவர முடியாது. சட்டம் மாட்டின் கழுத்துக்கு எட்டுகிற இடத்தில் விழ வேண்டும். குறி பார்த்தால் வராது. எல்லோருக்கும் அது ஒரே சமயத்தில் புரிந்தது. "நெறைய பேர் எறிஞ்சா ஒண்ணாவது அங்க விழும், கணக்குப்படி விழுந்தே ஆகணும்," என்று யாசர் சொன்னான். கணக்குப்படி எத்தனை எறி வேண்டும் என்று கேட்டார்கள். அவன் மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டான். ஊரிலுள்ள சட்டங்களை எல்லாம் மற்ற காடுகளிலிருந்து எடுத்துவர நேரமில்லை என்பதால், கையில் மிச்சமிருந்த மூன்றைக் கொண்டுவந்து படல் ஓரமாக வைத்தார்கள்.

பஸ் வந்தது. வளைவில் நிற்காமல் படல் வரைக்கும் வந்து நின்றது. நாச்சிமுத்து இறங்கி மாட்டைப் பார்த்தார், கடிகாரத்தைத் தட்டவில்லை. வழக்கமான ஆட்கள் ஜன்னல் வழியாகவே கை விரித்தார்கள். "எங்கள உட்ருங்க அக்கா. நாங்க தெனமும் பாத்துப் பாத்துக் கெட்டுப்போயிட்டோம்."

"புதுசா ஆரு இருக்கறீங்க?" என்று நாச்சிமுத்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மூன்று பேர் இருந்தார்கள். முதலில் இறங்கியவர் எவர்சில்வர் பாத்திரம் விற்கிறவர். சட்டத்தைக் கையில் வாங்கும்போதே மாட்டைப் பார்த்துவிட்டு, "அடடா, சினையாட்ட இருக்குதே," என்றார். அவர் எறிந்த சட்டம் நல்ல இடத்தில்தான் விழுந்தது. தரை.

இரண்டாவது, காதில் பாட்டு மாட்டியிருந்த கல்லூரிப் பையன். எதற்கென்று கேட்கவில்லை, காதிலிருந்ததைக் கழற்றவுமில்லை. திரும்பி நின்று எறிந்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். சட்டம் மாட்டிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி விழுந்தது. இடுப்பு உயரத்துக்குப் புல் எழுந்தது, காற்றில்லாத இடத்தில் அது மட்டும் அசைந்தது. வாசம் வந்திருக்க வேண்டும். செவலை காலையிலிருந்து முதல் தடவையாகத் தாடையைத் தூக்கியது. கழுத்தை நீட்டியது. நாக்கை வெளியே சுழற்றி, ஒன்றும் கிடைக்காத இடத்தில் ஒரு பிடி சேர்த்து, தலையை இடப்பக்கம் வெட்டியது. மறுபடி தாடையைத் தரையில் வைத்துவிட்டது.

"புடிச்சு இழுத்தரலாமா?" என்றார் ஒருவர்.

"தொடாதீங்க," என்றாள் அருக்காணி. "கையெடுத்துக் கும்புடறேன். தொடாதீங்க."

மூன்றாவது ஆள் இறங்கவில்லை. கடைசிக்கு முந்தின இருக்கையில், வெளுத்த நீலச் சேலை கட்டிய ஒரு பெண், மருத்துவமனைப் பெயர் போட்ட பெரிய ஸ்கேன் உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாச்சிமுத்து போய்க் கேட்டார். அவள் காதில் விழவில்லை. மறுபடி கேட்டார்.

"என்ன செய்யோணும்?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க. ஒரு கம்பியத் தூக்கி வீசோணும். சும்மா ஊர் வழக்கம்."

"வீசுனா பஸ்சு எடுத்துருவீங்களா?"

"உடனே எடுத்தர்றனுங்க."

அவள் எழுந்து இறங்கினாள். உறையைக் கொடுங்கள், பிடித்துக்கொள்கிறேன் என்று யாரோ கை நீட்டினார்கள். அவள் கொடுக்கவில்லை, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். படலைத் தாண்டி நாலு எட்டு வைத்து நின்றாள். எதிரே அத்தனை பேர் நிற்பதையும், அவர்களுக்கு நடுவே மாடு கிடப்பதையும் அவள் கண் பார்த்தது, அவள் பார்க்கவில்லை. எங்கேயோ ஒரு படுக்கையில் இருக்கிற யாருக்கோ அவளிடம் இருந்த அத்தனையும் போய்விட்டிருந்தது, இங்கே வைப்பதற்கு ஒரு துளிகூட மிச்சமில்லை. ஊரார் மூச்சு விடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், தங்கள் ஆசை அவள்மேல் பட்டுவிடக்கூடாது என்பதுபோல். செலின் கண்ணை மூடிக்கொண்டாள். அருக்காணி மட்டும் மாட்டின் கொம்பைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலச் சேலைக்காரியைத் திரும்பி நிற்கச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை முற்றத்தில் வீசுவதுபோல் ஒற்றைக் கையால் தாழ்வாக வீசிவிட்டு, வீசிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அது விழும் முன்பே திரும்பி நடந்தாள்.

சட்டம் ஒரு மூலையால் தரையைத் தொட்டு எழும்பியது, ஓரத்தில் நின்றது, சாயலாமா வேண்டாமா என்பதுபோல் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு செவலையின் பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பக்கத்துக் கம்பி அதன் தாடையைத் தொட்டபடி படிந்தது. சத்தமே இல்லை.

முதலில் தரை கறுத்தது. பிறகு புல் வந்தது, வருகிறதென்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது, மாட்டின் கண் உயரத்துக்கு. அதுவரை எந்தச் சதுரத்துக்குள்ளும் பனியையும் தேங்கிய தண்ணீரையும்தான் கண்டிருந்தார்கள். இப்போது அந்தச் சதுரத்துக்குள் மழை பெய்தது. ஆள் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்துக்கு, சுவர் வைத்ததுபோல் நேராக இறங்கியது. கம்பிக்கு வெளியே ஒரு துளி தெறிக்கவில்லை. நாலு பக்கமும் வெயில் அடித்தது. மழையின் சத்தம் மட்டும் வெளியே வந்தது, பெரிய மழையின் சத்தம், ஓட்டுக் கூரைகளின்மேலும் குளங்களின்மேலும் நாலைந்து ஊருக்குச் சேர்ந்து பெய்கிற மழையின் சத்தம். நின்றிருந்தவர்களில் ஒருவர் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள்.

செவலை முகத்தை உள்ளே நீட்டியது. நெற்றி நனைந்தது. நாக்கு வெளியே வந்து, சுழன்று, ஒரு பிடியைச் சேர்த்தது.

நாச்சிமுத்து விசில் ஊத வாயில் வைத்ததை எடுத்துவிட்டு, பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது. கடைசிக்கு முந்தின ஜன்னலில் நீலச் சேலை முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அவள் பெயரை யாரும் கேட்டிருக்கவில்லை. மருத்துவர் குனிந்து மாட்டின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தார். "அசையுதுங்களா?" என்றாள் அருக்காணி. அவர் ஆமென்று தலையை ஆட்டினார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாடு இழுத்து இழுத்து மேய்ந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் அதன் தாடை கம்பியின்மேல் சாய்ந்தது. சட்டத்தின் எதிர் மூலை ஓர் உருண்டைக் கல்லின்மேல் ஏறி நின்றிருந்ததால், சாயும்போதெல்லாம் அந்த மூலை மயிரிழை அளவு எழும்பி எழும்பி இறங்கியது, இன்னும் கொஞ்சம் அசைந்தால் சட்டமே நகர்ந்துவிடும்போல். எல்லோரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செலின் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மூலையின்மேல் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.